ஜாக்கெட் கை இறுகும்போது: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு தையல்காரியின் மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். சுடிதார், பாவாடை எல்லாம் தைப்பேன் என்றாலும் சோறு போடுவது ஜாக்கெட்தான். முப்பது வருஷமாகப் பெண்களின் தோளையும் கையையும் மார்பையும் அளந்துகொண்டிருப்பவள். 2018ல் எனக்கே இடது மார்பில் கட்டி வந்தது. அப்போது வயது 46. மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள். பிறகு எட்டு கீமோ, அதற்குப் பிறகு கரண்ட் வைத்தார்கள் (ரேடியேஷனை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்). காப்பீட்டு அட்டை இருந்ததால் நகையை அடகு வைக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நான் உயிரோடு இருக்கிறேன். இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஐந்து ஆண்டைத் தாண்டி வாழ்கிறார்கள் என்று படித்தேன். அதில் நான் ஒருத்தி. 2022ல் மட்டும் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு வருஷமும் என்னைப் போல் எத்தனை பேர் சிகிச்சையை முடித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். அதிலும் முக்கியமாக ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி: கை.

ஆபரேஷன் முடிந்து பதினாலு மாதம் இருக்கும். அக்கா மகள் கல்யாணத்துக்காக எனக்கே ஒரு பட்டு ஜாக்கெட் தைத்தேன். என் அளவு எனக்கு மனப்பாடம். கைச்சுற்று பதினொன்றரை. வெட்டினேன், தைத்தேன், போட்டுப் பார்த்தேன். வலது கை சரியாக உட்கார்ந்தது. இடது கை முழங்கைக்கு மேலே ஏறவே மாட்டேன் என்றது. வெட்டினதில்தான் தப்பு பண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். முப்பது வருஷத்தில் அளவில் நான் தப்புப் பண்ணியதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவள் நான். ராத்திரி உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். துணியை மேசையில் விரித்து அளந்தால் இரண்டு கையும் ஒரே அளவு. அப்புறம்தான் டேப்பை என் கையில் சுற்றினேன். வலது பதினொன்றரை. இடது பன்னிரண்டே முக்கால்.

ஒன்றேகால் இன்ச். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஜாக்கெட்டுக்குத்தான் தெரிந்தது.

அடுத்த செக்கப்பில் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. அந்த டாக்டர் நல்ல பையன், என் மகன் வயதுதான் இருக்கும். தழும்பைப் பார்த்தார், அக்குளில், கழுத்தில் தொட்டுப் பார்த்தார், வலது மார்பை முழுசாகச் சோதித்தார், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தார். “நோய் எதுவும் இல்லம்மா, நல்லா இருக்கீங்க” என்றார். கையைக் காட்டினேன். “ஆபரேஷன் பண்ணின கை அப்படித்தான் இருக்கும், வேலையைக் குறைச்சுக்குங்க” என்றார். வெளியே வராந்தாவில் நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் தையல் மிஷினை வைத்துப் பிழைக்கிறவள் வேலையை எப்படிக் குறைப்பது? அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்பதை நானாகப் படித்தும் கேட்டும் தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆனது. காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்று பாட்டி சொல்வாள். கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டும். உடம்பில் ரத்தம் ஓடுவது போல நிணநீர் என்று ஒன்று மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது. கையிலிருந்து வரும் நிணநீர் இந்த அக்குள் நெறிகள் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். புற்றுநோய் அங்கே பரவியிருக்கலாம் என்பதால் அவற்றை எடுத்துவிடுகிறார்கள், மேலே கரண்டும் வைக்கிறார்கள். வாய்க்காலில் மதகை எடுத்து மண்ணைப் போட்டு மூடினால் தண்ணீர் வயலிலேயே நிற்கும் இல்லையா, அதுதான். லிம்ஃபிடீமா, நிணநீர் வீக்கம். அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வரும். முதலில் நிணநீர் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு, அப்படிச் செய்தால் இருபதில் ஒருவருக்கு என்கிற அளவுக்குக் குறைகிறது. சிலருக்கு உடனே வரும், சிலருக்குப் பல வருஷம் கழித்தும் வரும். ஆரம்பத்தில் பிடித்தால் அடக்கி வைக்கலாம். விட்டால் உள்ளே சதைத் திசு இறுகிப்போய்க் கை கட்டை மாதிரி ஆகிவிடும், அப்புறம் பழைய நிலைக்கு வராது.

எனக்கு விட்டுப்போனது. கொக்கி தைக்கும்போது ஊசி இடது ஆள்காட்டி விரலில் ஏறியது. தையல்காரிக்கு ஊசி குத்துவது சமையல்காரிக்கு எண்ணெய் தெறிப்பது போல. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. விடியும்போது மணிக்கட்டிலிருந்து தோள் வரை சிவந்து, தொட்டால் சுட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். நிணநீர் தேங்கிய கையில் ஒரு சின்னக் கிருமி உள்ளே போனால் போதும், அதற்கு அது விருந்து வீடு. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு ஒன்றேகால் இன்ச் இரண்டரை ஆனது. இன்றைக்கும் அதுதான்.

இப்போது உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு ஒரு காலத்தில் இரண்டு பெயர், ஒன்று வெற்றிலையால் வந்தது, இன்னொன்று யானைக்காலால். என் எதிர் வீட்டு அத்தைக்கு யானைக்கால். எழுபது வயது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் திண்ணையில் வந்து உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏண்டி, உன் கையும் என் காலும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கே” என்றாள். அப்புறம் உள்ளே போய், அவளுக்கு அரசாங்கத்தில் கொடுத்த பேசின், மக், துண்டு, சோப்பு, களிம்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். எப்படிக் கழுவ வேண்டும், விரல் இடுக்கில் ஈரம் தங்காமல் எப்படி ஒற்றி எடுக்க வேண்டும், வெடிப்பு இருந்தால் என்ன போட வேண்டும், ராத்திரி எப்படி உயர்த்தி வைத்துக்கொண்டு தூங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். சுகாதார நிலையத்தில் அவளுக்கு யாரோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை மாறாமல் எனக்குச் சொன்னாள்.

அவளுக்குக் கொசுவால் வந்த புழு நிணநீர்ப் பாதையை அடைத்தது. எனக்கு கத்தியும் கரண்டும் அடைத்தன. அடைபட்டது அதே பாதைதான். வீங்கிய காலை எப்படிப் பேணுவது என்று உங்கள் துறைக்குத் தெரியும். பல பத்தாண்டுகளாகத் தெரியும். பை கொடுக்கிறீர்கள், கற்றுக்கொடுக்கிறீர்கள், நோய் முற்றியவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் தருகிறீர்கள். அதே வீக்கம் கையில், புற்றுநோய்க்குப் பிறகு வந்தவளுக்கு? நான் ஆஸ்பத்திரியை விட்டு வந்தபோது கையில் இருந்தது அடுத்த செக்கப் தேதி எழுதிய சீட்டும் மாத்திரைப் பையும்தான். மருத்துவத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற நோய்கள் எத்தனையோ உண்டு. இது அப்படி இல்லை என்பதால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எதிர் வீடு வரை வந்த வைத்தியம் தெருவைத் தாண்டவில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு என் கடையே மாறிப்போனது. மார்பு எடுத்த பெண்கள் ஒருத்தி சொல்லி ஒருத்தி என்று வர ஆரம்பித்தார்கள். இவர்களுக்கு ஜாக்கெட் தைப்பது தனி வேலை. எடுத்த மார்புக்குப் பதிலாக ஒன்றை வைத்துக்கொள்ள உள்பக்கம் மெல்லிய பருத்தியில் ஒரு பாக்கெட் வைக்க வேண்டும், கழுத்தை இறக்காமல் வெட்ட வேண்டும், கரண்டு வைத்த இடத்தில் தையல் மடிப்பு உரசக் கூடாது. பெரும்பாலும் எல்லாரும் பழைய துணியைச் சுருட்டித்தான் உள்ளே வைத்திருப்பார்கள். துணிக்கு எடை இல்லை, குனிந்தால் மேலே ஏறி வந்துவிடும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கப் பயப்படுவார்கள். ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் வெறுமையுமாக இருந்தால் தோள் சாய்ந்து முதுகு வலிக்கும். எடைக்காக நான் முதலில் கடுகு வைத்துத் தைத்துப் பார்த்தேன். வியர்வையில் ஒரே வாரத்தில் வாடை வந்துவிட்டது, போட்டிருந்தவள் என்னைத் திட்டவில்லை, சிரித்தாள். இப்போது பாசிமணியைப் பருத்திப் பையில் போட்டுத் தைக்கிறேன், துவைக்கவும் முடிகிறது. சிலிக்கானில் செய்த செயற்கை மார்பு கடையில் கிடைக்கும், விலை ஆயிரக்கணக்கில். நடவுக்குப் போகிறவள் எங்கே வாங்குவாள்?

வருகிற ஒவ்வொருத்திக்கும் நான் இரண்டு கையையும் அளக்கிறேன். மணிக்கட்டில் ஒன்று, முழங்கைக்கு நாலு இன்ச் கீழே ஒன்று, நாலு இன்ச் மேலே ஒன்று. தேதி போட்டு நோட்டில் எழுதிவைக்கிறேன். இரண்டு கைக்கும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு, எங்கள் பாஷையில் முக்கால் இன்ச். போன வருஷம் ஒரு தங்கச்சிக்கு அப்படி வந்தது. அவளுக்கு எதுவும் தெரியவில்லை, “வளையல் கொஞ்சம் டைட்டா இருக்கு, குண்டாயிட்டேன் போல” என்றாள். பிடித்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கட்டுப் போட்டு, பயிற்சி சொல்லிக்கொடுத்து, இறுக்கமான உறை போடச் சொன்னார். மூன்று மாதத்தில் வீக்கம் இறங்கியது. அவள் இன்றைக்கும் வயலுக்குப் போகிறாள்.

அந்த உறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் மாட்டிக்கொள்கிற கம்ப்ரெஷன் ஸ்லீவ். என்னுடையது 2,800 ரூபாய், சொந்தக் காசு. ஆறு மாதத்தில் நூல் தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும். நான் எட்டு மாதம், பத்து மாதம் என்று இழுக்கிறேன். தையல்காரிக்குத் தெரியாதா, தளர்ந்த எலாஸ்டிக் போட்டாலும் ஒன்று போடாவிட்டாலும் ஒன்று. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மிஷின் மிதித்துப் பாருங்கள், அதன் அருமை தெரியும்.

“எதையும் தூக்காதே” என்று எல்லாரும் சொல்வார்கள். மாமியார், நாத்தனார், சில சமயம் ஆஸ்பத்திரியிலும். நான் மூன்று வருஷம் குடம் தூக்கவில்லை, பேத்தியை இடது கையால் தூக்கவில்லை. பிறகுதான் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு பற்றித் தெரிந்தது. 2009ல் வெளியானது. கை வீங்கிய 141 பெண்களில் ஒரு பாதிப் பேருக்குப் பயிற்சியாளரை வைத்து, உறையையும் மாட்டி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வீக்கம் கூடவில்லை. தூக்கியவர்களுக்கு வீக்கம் திடீரென்று அதிகமாகிற தொல்லை குறைவாகத்தான் இருந்தது, கையில் வலுவும் கூடியிருந்தது. முறையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தால் தூக்கலாம் என்றுதானே இதற்கு அர்த்தம்? எங்களுக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை, “தூக்காதே” மட்டும்தான் கிடைத்தது. பேத்திக்கு இப்போது ஆறு வயது. தூக்கச் சொல்லி அவள் கேட்பதில்லை.

கை மட்டும்தானா பிரச்சினை என்று கேட்பீர்கள். இல்லை. நோய் திரும்பி வராமல் இருக்க தமாக்ஸிபென் என்ற மாத்திரையைப் பத்து வருஷம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். நடுராத்திரியில் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு சூடு கிளம்பும், நைட்டி நனைந்துவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தருகிற லெட்ரோசோல் சாப்பிடுகிறவர்கள் மூட்டு மூட்டாக வலிக்கிறது என்கிறார்கள். வலி தாங்காமல் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். நோய் திரும்பி வந்தால் அதற்கு இந்த நிறுத்தலும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் வலிக்கிறதா என்று அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செக்கப்புக்கு முந்தைய வாரம் தூக்கம் வராது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அம்மாவின் நோயை மறைக்கச் சொல்வார்கள், மறைப்போம். புருஷன் பெண்டாட்டி சங்கதி பற்றி ஆண் டாக்டரிடம் கேட்க முடியாது, பெண் டாக்டர் கிடைத்தாலும் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். உலகத்தில் இதற்கெல்லாம் கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். புற்றுநோயாளிகள் எல்லாருக்கும் பொதுவாக 30 கேள்வி, மார்பகப் புற்றுநோய்க்கென்று தனியாக 23 கேள்வி. கை வீங்கியிருந்ததா, கையைத் தூக்கக் கஷ்டமாக இருந்ததா என்பதும் அதில் உண்டு. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். சாதாரண செக்கப்பில் அதில் நாலு கேள்வியாவது கேட்கலாமே.

அக்டோபர் மாதம் வந்தால் பிங்க் கலரில் விளக்குப் போடுவார்கள், பேரணி போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கே 300 பிங்க் ரிப்பன் தைக்க ஆர்டர் வந்தது. தைத்துக் கொடுத்தேன், கூலியும் வந்தது, பொய் சொல்வானேன். சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று சொல்வது நல்ல காரியம்தான். கண்டுபிடித்து, குணமாக்கி, அனுப்பிய பிறகு அவளைப் பற்றி எந்த மாதத்தில் பேசுவது?

என் வேண்டுகோள் பெரிய கட்டடமோ புது மிஷினோ இல்லை. 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை ஆரம்பித்த மாநிலம் இது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இப்போது எங்கள் தெருவரை வருகிறது. சுகாதாரத் தன்னார்வலர் பெண் ஒருத்தி சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவந்து தருகிறாள். அந்தத் திட்டத்திலேயே பிசியோதெரபிஸ்ட்டும் இருக்கிறார். மூன்றாவது வீட்டுத் தாத்தாவுக்குப் பக்கவாதம், அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வருகிறார். அந்தப் படியேறுகிறவர் இன்னும் இரண்டு படி ஏறினால் என் வீடு. என் பெயர் அவர் கையில் இருக்கும் பட்டியலில் இல்லை. நானும் இதுவரை போய்க் கேட்கவில்லை, கேட்க உரிமை உண்டு என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இந்த மடலில்தான் கேட்கிறேன்.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த பெண்களின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். காப்பீட்டில் ஆபரேஷன் செய்தவர்களின் விவரம் உங்களிடமே இருக்கிறது, யாரையும் புதிதாகத் தேட வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னாலேயே இரண்டு கையையும் அளந்து டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத வேண்டும், பழைய அளவு இல்லாமல் புது அளவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிறகு அந்தத் தன்னார்வலர் பெண் மாதம் ஒருமுறை டேப்பைச் சுற்றி எழுதட்டும். கற்றுக்கொடுக்கப் பத்து நிமிஷம் போதும், என் கடையில் ஒன்பதாம் வகுப்போடு நின்ற பெண் செய்கிறாள். வித்தியாசம் வந்தால் பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும். உறையை வருஷத்துக்கு இரண்டு என்று இலவசமாகக் கொடுங்கள். யானைக்காலுக்குக் கொடுக்கிற அந்தப் பையில் ஒன்று எங்களுக்கும். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016ல் சொல்லியிருக்கும் 21 வகையில் இந்த வீக்கம் இல்லை, அதை டெல்லியில்தான் மாற்ற வேண்டும். ஆனால் அளக்கவும் உறை கொடுக்கவும் டெல்லி தேவையில்லை.

செலவு எவ்வளவு ஆகும் என்று உங்கள் அதிகாரிகள் கேட்பார்கள். இந்தக் கடிதத்தோடு ஒரு இன்ச் டேப்பை மடித்து வைத்திருக்கிறேன். அறுபது இன்ச், பின்பக்கம் சென்டிமீட்டர் இருக்கிறது. கும்பகோணம் கடைத்தெருவில் பத்து ரூபாய்க்கு வாங்கினேன். மணிக்கட்டிலிருந்து எங்கெங்கே அளக்க வேண்டும் என்று டேப்பிலேயே சிவப்பு நூலால் மூன்று இடத்தில் குறி வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு அந்தத் தன்னார்வலர் பெண் மாதத்தின் முதல் வாரத்தில் வருவாள். கடை காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும். நோட்டும் அங்கேயேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
இடது கை 14 இன்ச், வலது கை 11½ இன்ச் உள்ள ஒரு தையல்காரி